ஆண் நாய்க்குட்டி வீட்டுக்குள் சிறுநீர் தெளிப்பது ஏன்? அடுக்குமாடியில் வசிப்போர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: வீட்டுக்கு வந்த புதிதில் செய்தித்தாளின் மீது ஒழுங்காகச் சிறுநீர் கழித்துவந்த ஆண் நாய்க்குட்டி, ஏழெட்டு மாதம் ஆனதும் சோபாவின் கால், திரைச்சீலை, சமையலறைக் கதவு, அலுவலகப் பை என ஒவ்வொன்றின் மீதும் காலைத் தூக்கிச் சில துளிகள் தெளிக்கத் தொடங்குகிறது. கற்றுக்கொடுத்த பழக்கத்தைக் குட்டி மறந்துவிட்டதாகவோ, வேண்டுமென்றே அடம்பிடிப்பதாகவோ வீட்டார் எண்ணிக்கொள்கின்றனர். திட்டும் அடியும் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

திருவனந்தபுரத்தின் வடபகுதியில் உள்ள கழக்கூட்டத்தில் இந்தச் சிக்கலுக்குக் கூடுதல் கனம் உண்டு. 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்னோபார்க் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியுள்ள பகுதி இது. நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை எனத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பணிக்கு வந்து குடியேறிய குடும்பங்களும் இங்கு உள்ளன. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் சென்றால், வாடகை வீட்டில் நாய்க்குட்டி மணிக்கணக்கில் தனித்திருக்கிறது. மழை மாதங்களில் ஈரக்காற்று வீட்டை விட்டு அகல்வதில்லை. பழைய சிறுநீரின் வாடை மீண்டும் எழுகிறது. வீட்டு உரிமையாளரின் புகாரும் பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பும் சேர்ந்துகொள்ளும்போது, குட்டி பால்கனியில் கட்டப்படுகிறது அல்லது தெருவில் விடப்படுகிறது.

இந்த நடத்தை நோயுமல்ல, பிடிவாதமுமல்ல. பருவத்தோடு வரும் இயற்கையான செயல் என்கிறது விலங்கு நடத்தையியல். காரணத்தைச் சரியாகக் கண்டறிந்தால் பெரும்பாலான வீடுகளில் இதைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும்.

இரண்டு வேறு சிக்கல்கள்

வீட்டுக்குள் நாய் சிறுநீர் கழிப்பதில் இரண்டு வகைகள் உண்டு. முதலாவது, கழிப்பிடப் பயிற்சி நிறைவடையாத நிலை. இதில் குட்டி தரையில் அமர்ந்தவாறு சிறுநீர்ப்பை முழுவதையும் காலி செய்யும்; தரையில் பெரிய ஈரம் தேங்கும். தூங்கி எழுந்ததும், உணவு உண்டதும், விளையாடி முடித்ததும் இது நிகழும்.

இரண்டாவது, எல்லை குறித்தல். இதில் அளவு மிகக் குறைவு. சுவர், கதவு, நாற்காலிக் கால், எரிவாயு உருளை போன்று நிமிர்ந்து நிற்கும் பொருள்களையே நாய் தேர்ந்தெடுக்கும். முதலில் முகர்ந்து பார்க்கும்; பின்னர் காலைத் தூக்கித் தெளிக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்யும். சற்று முன்னர்தான் வெளியே சென்று சிறுநீர் கழித்துவிட்டு வந்திருந்தாலும் செய்யும்.

ஆண் குட்டிகளில் பொதுவாக 6 முதல் 12 மாத வயதுக்குள், பருவமடையும் காலத்தில், இந்த இரண்டாவது பழக்கம் தலைகாட்டுகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை இயக்குநீரின் அளவு உயர்வதே இதற்கு முதன்மைக் காரணம். முதல் வகைக்கு நேர ஒழுங்கு மருந்து. இரண்டாவது வகைக்கு அது மட்டும் போதாது. பயிற்சி தோல்வியடையும் வீடுகள் பலவற்றில் இந்த வேறுபாடே கவனிக்கப்படுவதில்லை.

துளிகளில் உள்ள செய்தி

நாய்க்குச் சிறுநீர் வெறும் கழிவன்று. அதை விட்டுச் சென்ற நாயின் பாலினம், இனப்பெருக்க நிலை, அது புதிய நாயா பழகிய நாயா என்பன போன்ற தகவல்கள் அந்த வாடையில் அடங்கியுள்ளன. மூக்கோடு, மேல்வாய்ப் பகுதியில் உள்ள வோமரோநேசல் என்ற தனி உறுப்பும் இத்தகைய வேதிச் செய்திகளை உணர நாய்களுக்கு உதவுகிறது. மூக்கின் உயரத்தில் செய்தி இருந்தால் மற்ற நாய்கள் எளிதில் படிக்கும் என்பதால்தான் தரையைவிட நிமிர்ந்த பொருள்கள் விரும்பப்படுகின்றன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் பெட்டி மெக்வயரும் குழுவினரும் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் சுவையான ஒரு கூறை எடுத்துக்காட்டியது. உடல் சிறிதான ஆண் நாய்கள், பெரிய நாய்களைவிட அதிகக் கோணத்தில் காலைத் தூக்குகின்றன என்பது அதன் முடிவு. வாடையை உயரத்தில் பதித்துத் தம்மைப் பெரியவையாகக் காட்டிக்கொள்ள அவை முயலலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இந்தப் பின்னணியில், அடுக்குமாடி வீட்டில் நடப்பதைப் புரிந்துகொள்வது எளிது. தெரு நாய்கள் நடமாடும் பாதையில் நடந்து வந்த காலணி, ரயிலில் தரையில் வைக்கப்பட்ட பை, விருந்தினரின் உடைமை, புதிதாக வாங்கிய நாற்காலி ஆகியவை குட்டிக்கு அறிமுகமில்லாத வாடையை வீட்டுக்குள் கொண்டுவருகின்றன. அவற்றின் மீது தன் வாடையைப் பதித்து மறுமொழி தருகிறது குட்டி. வீடு மாறுதல், குழந்தை பிறத்தல், இன்னொரு நாயின் வருகை, வீட்டில் ஒருவர் நெடுநாள் ஊருக்குச் செல்லுதல் ஆகியவற்றால் உண்டாகும் பதற்றமும் இந்தப் பழக்கத்தை அதிகரிக்கும்.

அடித்தால் ஏன் திருந்துவதில்லை?

"தவறு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பார்த்தாலே புரிகிறது" என்பது நாய் வளர்ப்போரிடம் அடிக்கடி கேட்கும் சொல். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்த நம்பிக்கையை 14 நாய்களிடம் சோதித்து, 2009-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று விலக்கப்பட்ட தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அதன் "குற்ற முகத்துக்கும்" தொடர்பில்லை என்று அதில் தெரியவந்தது. உரிமையாளர் கடிந்துகொண்டபோதெல்லாம் அந்த முகம் தோன்றியது. எதையும் தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தெளிவாகக் காணப்பட்டது. அதாவது, அது குற்ற உணர்வன்று. எதிரே நிற்பவரின் கோபத்தைக் கண்ட அச்சம்.

மாலையில் வீடு திரும்பும் ஒருவர், காலையில் தெளிக்கப்பட்ட சிறுநீருக்காகக் குட்டியை அடித்தால், அந்தத் தண்டனையைத் தன் பழைய செயலோடு குட்டியால் இணைத்துப் பார்க்க இயலாது. உரிமையாளர் வீட்டுக்குள் நுழைவதையே அது அஞ்சத் தொடங்கும். மூக்கைச் சிறுநீரில் தேய்த்தல், மிளகாய்த்தூள் தூவுதல் போன்ற வழக்கங்களும் வலியைத் தருமே அல்லாமல் எதையும் கற்பிப்பதில்லை. செய்துகொண்டிருக்கும்போதே அடித்தால், மனிதர் கண் எதிரே சிறுநீர் கழிப்பது ஆபத்து என்ற பாடத்தைத்தான் குட்டி கற்கும். அதன் பின்னர் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் மறைந்து செய்யும். வெளியே அழைத்துச் சென்றாலும் உரிமையாளர் முன்னிலையில் கழிக்கத் தயங்கும்.

தெளிக்க முற்படுவதைக் கண்டால் மெதுவாகக் கைதட்டிக் கவனத்தைத் திருப்பி, உடனே கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்வது போதுமானது. அங்கு கழித்தால், முடித்த சில நொடிகளுக்குள் பாராட்டும் சிறு தின்பண்டமும் தர வேண்டும். வீட்டுக்குள் திரும்பிய பின்னர் தரப்படும் பரிசு, வீடு திரும்பியதற்கான பரிசாகவே குட்டியின் மனத்தில் பதியும்.

முதலில் மருத்துவப் பரிசோதனை

பயிற்சியைத் தொடங்கும் முன்னர் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு ஆகியவற்றாலும் நாய் அடிக்கடி சிறிதளவு சிறுநீர் கழிக்கும். நன்கு பழகிய நாய் திடீரெனப் பழக்கம் மாறினால், சிறுநீரில் இரத்தம் தென்பட்டால், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், காரணம் உடலில் இருக்க வாய்ப்புண்டு. முக்கி முயன்றும் ஆண் நாய்க்குச் சிறுநீர் வெளியேறவில்லை என்றால் அது அவசர நிலை. அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஆட்களைக் கண்டதும் உடலைக் குறுக்கிச் சிறுநீர் விடும் குட்டி அச்சத்தாலோ மிகை உற்சாகத்தாலோ அவ்வாறு செய்கிறது. தனித்திருக்கும்போது மட்டும் சிறுநீர் கழித்து, கதவைப் பிராண்டி, ஓயாமல் குரைக்கும் குட்டிக்குப் பிரிவுப் பதற்றம் இருக்கலாம். இவை எல்லை குறித்தலிலிருந்து வேறுபட்டவை, தீர்வும் வேறு.

வாடை இருக்கும் வரை பழக்கமும் இருக்கும்

பயிற்சியின் முதல் படி சுத்தம் செய்தல். மனித மூக்குக்கு வாடை போய்விட்டாலும் நாயின் மூக்குக்குப் போவதில்லை. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் எளிதில் நீரில் கரையாத படிகங்களாக ஓடுகளின் இடுக்கிலும், மரக்கதவின் அடிப்பகுதியிலும், மெத்தைத் துணியிலும் தங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் கூடும்போது வாடை மீண்டும் எழுகிறது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி வாக்கில் கேரளத்தில் தொடங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடரும். ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும் ஊரில், பாதிச் சுத்தம் பயன் தருவதில்லை.

பினாயில் வாடையை மறைக்கிறதே தவிர, சிறுநீரின் கூறுகளைச் சிதைப்பதில்லை. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களின் நெடி சிறுநீரின் நெடியை ஒத்திருப்பதால், அதே இடத்துக்குக் குட்டியை மீண்டும் ஈர்க்கக்கூடும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மீது நேரடியாகக் கொட்டுவது ஆபத்தானது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது வினைபுரிந்தால், கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் குளோரமின் வாயு உண்டாகும். கழிப்பறை அமிலத்தோடு பிளீச்சைக் கலப்பதும் அதேபோல் தீங்கானது.

செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் வகைத் திரவம் இதற்கு ஏற்றது. ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்து, திரவத்தைத் தாராளமாக ஊற்றி, பொட்டலத்தில் குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு, பின்னர் துடைக்க வேண்டும். பழைய கறைகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால், இருட்டில் புற ஊதா டார்ச் ஒளியில் அவை ஒளிர்வதைக் காணலாம்.

சுத்தம் செய்வோரின் உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. கேரளத்தில் மழைக்காலந்தோறும் அச்சுறுத்தும் எலிக்காய்ச்சலுக்குக் காரணமான லெப்டோஸ்பைரா கிருமி, நோயுற்ற விலங்குகளின் சிறுநீர் வழியே பரவுகிறது. எலிகளே அதன் முதன்மைப் பரப்பிகள் என்றாலும், தேங்கிய நீரில் நடந்து வரும் நாய்க்கும் அது தொற்றலாம். கையுறை அணிந்து துடைத்தல், பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுதல், மருத்துவர் கூறும் அட்டவணைப்படி நாய்க்கு லெப்டோஸ்பைரா தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுதல் ஆகியவை அவசியம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு

பயிற்சிக் காலத்தில் வீடு முழுவதும் சுற்றும் உரிமையைக் குட்டிக்குத் தரக்கூடாது. ஆள் இருக்கும்போது, நீளமான கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு குட்டியை அருகிலேயே வைத்திருக்கலாம். முகர்ந்து வட்டமிடத் தொடங்கும் கணமே வெளியே அழைத்துச் செல்ல இது உதவும். கவனிக்க ஆளில்லாத நேரத்தில், படுக்கையும் தண்ணீரும் உள்ள சிறிய, காற்றோட்டமான அறையில் விடலாம்.

காலணிகளை மூடிய அலமாரியிலும், பைகளைத் தரையிலன்றி மேசையிலும் வைக்க வேண்டும். தரைத்தள வீடுகளில், வெளியே செல்லும் நாய்கள் தெரியும் சன்னலின் கீழ்ப்பகுதியை மறைப்பது பலன் தரும். ஏற்கெனவே தெளித்த இடத்தை நன்கு கழுவிய பின்னர், அங்கேயே உணவுக் கிண்ணத்தையோ படுக்கையையோ வைக்கலாம். உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் நாய்கள் பொதுவாக அசுத்தப்படுத்துவதில்லை.

உணவை நாளும் ஒரே நேரத்தில் தந்தால் வெளியே செல்லும் நேரமும் ஒழுங்குக்கு வரும். தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாட்டுக்குப் பின்னரும், உறங்கச் செல்லும் முன்னரும் கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூன்று மாதக் குட்டியால் பகலில் 3 முதல் 4 மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. ஒன்பது மணி நேரப் பணிக்குச் செல்லும் வீட்டில், நண்பகலில் ஒருவர் வந்து வெளியே அழைத்துச் செல்ல ஏற்பாடு இல்லையென்றால், வீட்டுக்குள் நடப்பதற்குக் குட்டியைப் பொறுப்பாக்க முடியாது.

மழைநாளில் வெளியே கால் வைக்க மறுக்கும் குட்டிகளுக்காக, பால்கனியின் ஒரு மூலையில் செயற்கைப் புல் விரிப்பு அல்லது மண் தட்டு வைத்து, அதன் நடுவே நிமிர்ந்த கம்பு ஒன்றை நிறுத்தலாம். காலைத் தூக்கிக் கழிக்கும் ஆண் நாய்க்கு அது அனுமதிக்கப்பட்ட இடமாகும். விரிப்பை நாள்தோறும் கழுவ வேண்டும். அந்நீர் கீழ்த்தள வீட்டில் வடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிகள் முழுமையடையாத சிறு குட்டிகளைப் பார்வோ வைரஸ் தொற்று அச்சம் காரணமாகத் தெரு நாய்கள் நடமாடும் இடங்களில் இறக்கிவிடக் கூடாது என்பதால், அவற்றுக்கும் இம்முறை பயன்படும்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை தரைவிரிப்பைக் காக்கும், பழக்கத்தை மாற்றாது. நனைந்த பட்டையை உடனே மாற்றாவிட்டால் தோலில் புண் உண்டாகும்.

கருத்தடை செய்தால் நின்றுவிடுமா?

விதைகளை அகற்றும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆய்வுகள் கூறுவது சற்று வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகள், இரண்டு வயதைக் கடந்த பின்னர் கருத்தடை செய்யப்பட்ட 57 ஆண் நாய்களைப் பற்றியவை. எல்லை குறித்தல், ஏறுதல், ஊர் சுற்றுதல் ஆகிய பழக்கங்களில், குறைந்தது 60 சதவீத நாய்களிடம் பாதியளவோ அதற்கு மேலோ முன்னேற்றம் ஏற்பட்டது. ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லத்தக்க 90 சதவீத முன்னேற்றம் 25 முதல் 40 சதவீத நாய்களிடமே காணப்பட்டது. அறுவை சிகிச்சையின்போது நாயின் வயதும், பழக்கம் நீடித்த காலமும் பலனைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை.

ஆகவே, கருத்தடை பெரிதும் உதவும். ஆனால் பயிற்சிக்கும் சுத்தத்துக்கும் அது மாற்றாகாது. அதற்காக அவசரப்படவும் தேவையில்லை. அதே வளாகத்தின் ஆய்வாளர்கள் 35 நாய் இனங்களைப் பற்றி 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களுக்கு மிக இளம் வயதில் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறுகளின் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டறிந்தனர். சிறிய இனங்களில் அத்தகைய உயர்வு பெரும்பாலும் காணப்படவில்லை. இனத்துக்கும் எடைக்கும் ஏற்ற வயதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

குடியிருப்போர் சங்கத்தின் புகாருக்கு அஞ்சி நாயைக் கைவிடுவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. குடியிருப்பில் செல்லப்பிராணி வளர்ப்பதை முற்றாகத் தடை செய்யும் சங்க விதிகள் சட்டவிரோதமானவை, செயல்படுத்த முடியாதவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பிறருக்குத் தொல்லை நேராதபடி நியாயமான நிபந்தனைகளைச் சங்கங்கள் விதிக்கலாம் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது. நாய் வளர்க்கும் உரிமை இருக்கிறது. மின்தூக்கியையும் படிக்கட்டையும் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

அதே 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம், திருவனந்தபுரம் மாவட்டத்தின் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. அந்நிகழ்வைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உயர் நீதிமன்றம், வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்குகளை அடித்துத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. நாயை நியாயமற்ற அளவு நீண்ட நேரம் சங்கிலியில் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே வைத்து நடமாட்டம் தராமல் விடுவதும், பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அதே பிரிவில் அடங்குகின்றன. பால்கனிச் சங்கிலியும் தெருவோரக் கைவிடலும் எளிய தீர்வுகள் போலத் தோன்றினாலும், இரண்டும் சட்டத்தின் பார்வையில் குற்றமாக முடியக்கூடும். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவோ வாகனங்களுக்கு விலகவோ தெரியாது.

பொறுமைக்குப் பலன்

எல்லை குறித்தல் ஒரே வாரத்தில் மறைவதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், எதற்குப் பின்னர் தெளித்தது என்பதை ஒரு நாள்காட்டியில் குறித்துவந்தால், இரண்டு மூன்று வாரங்களில் காரணம் புலப்படும். ஒரு வீட்டில் அது விருந்தினர் வருகையாக இருக்கும். இன்னொரு வீட்டில் சன்னலுக்கு வெளியே நாள்தோறும் கடந்து செல்லும் தெரு நாயாக இருக்கும். குறிப்பில் எண்ணிக்கை குறைந்துவந்தால் பயிற்சி சரியான வழியில் செல்கிறது என்று பொருள். பல வாரங்கள் தொடர்ந்து முயன்றும் குறையவில்லை என்றால், அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை மீண்டும் அணுகலாம். காரணத்தைக் கண்டறிய அவருக்கும் அது உதவும்.